சிஸ்டரிடம் கேளுங்கள்: எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

கர்ப்பகால உபாதைகள் பற்றியும் பிரசவத்துக்குத் தயாராவது பற்றியும் கேளுங்கள் என்று இரண்டு இதழ்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. விருதுநகர் மாவட்டத்து அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். நேரில் கேட்கத் தயங்கும் பெண்களை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன். கடிதத்திலும் அதே தயக்கம்தான். "இதைப் போய்க் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்ற வரி இல்லாத கடிதம் குறைவு. கேளுங்கள் தாயி. கேட்காமல் விட்டதால் கஷ்டப்பட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பதாவது வாரம். காலையில் எழுந்ததும் மஞ்சள் மஞ்சளாக வாந்தி. அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறேன். மை வாடையும் பசை வாடையும் ஆகவே மாட்டேன் என்கிறது. "மசக்கை எல்லாருக்கும் உள்ளதுதான், நாங்களெல்லாம் பெத்துக்கலையா" என்கிறார் அத்தை. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?
— வாசகி, சிவகாசி

நீங்கள் இப்போது மசக்கையின் உச்சியில் இருக்கிறீர்கள். ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கும், எட்டு ஒன்பதில் ஏறும், 14 முதல் 16 வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும். சிலருக்கு ஐந்தாம் மாதம் வரைகூட இழுக்கும். அத்தை சொல்வதுபோல நிறையப் பேருக்கு வருவதுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. அவருக்கு இரண்டு வாந்தியோடு போயிருக்கலாம், உங்களுக்குப் பத்து வரலாம்.

மஞ்சளாக வருவது பித்தநீர். வயிற்றில் வேறு ஒன்றும் இல்லாததால் அது வருகிறது. அதனால் வயிற்றைக் காலியாக விடாதீர்கள். ராத்திரியே தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரியோ ரஸ்க்கோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, படுக்கையிலேயே நாலு வாய் மெல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். பிரஷ் வைத்தாலே குமட்டுகிறது என்றால் பல் தேய்ப்பதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், இடையிடையே மடக்கு மடக்காகக் குடியுங்கள். தாளிக்கும் வாடை ஆகாதவர்களுக்கு ஆறிய சோறு நன்றாக இறங்கும். தயிர்சாதமும் துளி நார்த்தங்காயும் போதும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஊட்டமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது வயிற்றில் எது தங்குகிறதோ அதுதான் நல்ல சாப்பாடு.

வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அச்சு இயந்திர உருளை கழுவும் கரைப்பான் வாடையை வயிற்றுப் பிள்ளையோடு நாள் முழுக்கச் சுவாசிப்பது நல்லதில்லை. கூச்சத்தை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்லி, அந்தப் பக்கமே போகாதபடி காற்றோட்டமான இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து அடங்கவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது. டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை, கர்ப்பிணிகளுக்காகவே பல காலமாகக் கொடுக்கப்படுவது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் போடுங்கள். குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் தங்காமல் வந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, போவது டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தாலோ, 50 கிலோ இருந்தவர் 47க்கு இறங்கினாலோ அதை மசக்கை என்று சொல்லி வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தையையும் கூட அழைத்துப் போங்கள். நாக்கு வறண்டு கிடப்பதை டாக்டர் காட்டினால் அவருக்கும் புரியும்.

வெளியே சொல்ல முடியாத பழக்கம் ஒன்று. ஐந்தாவது மாதம் நடக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் திருநீற்றை எடுத்துத் தின்கிறேன். ஊற வைத்த அரிசியையும் அள்ளித் தின்கிறேன். வீட்டில் தெரிந்தால் பேய் பிடித்ததா என்பார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆண்டிபட்டி

பேயும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு மண், சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக் குச்சி இவற்றின் மேல் இப்படி ஆசை வருவதுண்டு. வார்டில் முந்தானை முடிச்சில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தவர்கள் எத்தனையோ பேர். நான் திட்டமாட்டேன். கீழ் இமையை இறக்கிப் பார்ப்பேன். உள்ளே செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய இடம் வெளுத்துப் போயிருக்கும்.

உங்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கடிதத்தில் எழுதவில்லை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் மாத்திரையில் ஏற்ற நேரம் போதாது, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதான் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள், வரும் செவ்வாயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று வீதம் 180 நாள் போட வேண்டும். போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. மலச்சிக்கல் வரும். அதற்காக மாத்திரையைத் தென்னை மரத்தடியில் வீசுகிறார்கள். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துப் போடுங்கள். டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பூச்சி மாத்திரை தந்தார்களா என்றும் கேளுங்கள்.

ரத்தம் ஏற ஏற திருநீற்று ஆசை தானாகக் குறையும். அதுவரை அரிசி நினைப்பு வரும்போது வறுத்த வேர்க்கடலையை வாயில் போடுங்கள். கடைகளில் விற்கும் வெள்ளைப் பொடியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்கு அது வேண்டாம் மகளே.

என் மனைவிக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. பாதம் வீங்குகிறது. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறுகிறாள். நாலு நாளாகத் தலைவலி என்கிறாள். நீர் கோத்திருக்கும், பார்லித் தண்ணீர் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், திருப்பூர்

தம்பி, கெண்டைக்கால் பிடிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். இழுக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தை அவள் முகம் பக்கமாக மடக்கிப் பிடியுங்கள், அரை நிமிடத்தில் விடும். படுக்கும் முன்பு சுவரில் கை ஊன்றி நின்று கெண்டைக்காலை நீட்டிப் பழகச் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகிறது என்றால் அதற்கும் பயம் வேண்டாம்.

என்னைப் பயமுறுத்துவது அந்த நாலு நாள் தலைவலி.

2011இல் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டாம் மாதப் பெண் ஒருத்தி நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டுக்கொண்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "கண்ணுபட்டிருக்கு சிஸ்டர், சுத்திப் போட்டும் போகல" என்றார் அவளுடைய அம்மா. விரலைப் பார்த்தேன். கல்யாண மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி, மோதிரம் உள்ளே புதைந்திருந்தது. முகம், முக்கியமாகக் கண்ணைச் சுற்றி, ஊதியிருந்தது. பிரஷர் பார்த்தேன், 180க்கு 120. நம்ப முடியாமல் பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றிப் பார்த்தேன், அதேதான். "லைட்டைச் சுத்திப் பூச்சி பறக்குதே சிஸ்டர்" என்றாள். அங்கே பூச்சி எதுவும் இல்லை. அடுத்து வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, 108இல் மதுரைக்கு அனுப்பினோம். 1,600 கிராமில் ஒரு பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவர்கள் அடுத்த செவ்வாய் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போனால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோய். தொடக்கத்தில் உடம்பில் எதுவும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது தலைவலியாக, கண் மங்கலாக, மேல் வயிற்றில் வலது பக்கம் பிடித்தது மாதிரி வலியாக, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கமாகத் தெரியும். பார்லித் தண்ணீர் குடிப்பதால் பிரஷர் இறங்காது. இந்த இதழ் கையில் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் இருந்திருக்கக் கூடாதே என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணுக்கு ஆசிரியர் குழுவிலிருந்து அன்றைக்கே பேசச் சொன்னேன். நல்லவேளை, அன்று மாலையே கூட்டிப் போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள். பிரஷருக்குக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள் தம்பி. "இப்போ தலைவலி இல்லையே" என்று அவளாக நிறுத்தினால் நீங்கள் விடாதீர்கள்.

இன்னொன்று, குழந்தையின் அசைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கைவைத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்துத் தடவை அசைய வேண்டும். அசைவு குறைந்தால் அந்த ராத்திரியே கிளம்புங்கள். "கடைசி மாசத்துல பிள்ளை அமந்துடும்" என்று சொல்வார்கள். இடம் குறைவதால் உதை மாதிரி இல்லாமல் புரளுவது போல மாறும். அசைவின் எண்ணிக்கை குறையக் கூடாது.

சிறு கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்

*நெஞ்செரிச்சலால் தூங்க முடியவில்லை* (மானாமதுரை): இரைப்பையின் மேல்வாய் இந்தச் சமயத்தில் தளர்ந்திருக்கும், வயிறும் மேலே தள்ளும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, பத்து மணிக்குத் தலையணையை உயர்த்தி, இடது பக்கமாகப் படுங்கள். சோடா மாவு கரைத்துக் குடிக்காதீர்கள்.

*குங்குமப்பூ ஒரு கிராம் என்ன விலை தெரியுமா, அவசியம் வாங்க வேண்டுமா* (ராஜபாளையம்): வேண்டாம். பிள்ளையின் நிறம் அதனால் மாறாது. அந்தப் பணத்துக்கு முட்டை, மீன், பேரீச்சம்பழம், கீரை வாங்குங்கள்.

*உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரிக்கிறது, தடிப்பு எதுவும் இல்லை. அலர்ஜியா* (காரைக்குடி): எட்டாம் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் இப்படி வரலாம். களிம்பு தடவிக்கொண்டு இருக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இது பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, இந்த வாரமே போங்கள்.

*சுகர் டெஸ்டுக்குக் குளுக்கோஸ் குடித்தால் வாந்தி வருகிறது, எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை, விட்டுவிடலாமா* (அருப்புக்கோட்டை): விடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் மெதுவாகக் குடியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140க்குக் கீழே இருக்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று விடாமல் சொல்லி வந்தவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். வம்சத்தில் இல்லாமலும் கர்ப்பத்தில் சர்க்கரை வரும்.

வளைகாப்பு முடிந்து மகளைக் கூட்டி வந்துவிட்டோம். தலைப்பிள்ளை. நான் பெற்று 26 வருடம் ஆகிறது, எல்லாம் மறந்துவிட்டது. எது சூட்டு வலி, எது பிள்ளை வலி? எப்போது கிளம்புவது? எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு 18 கிலோமீட்டர். விளக்கெண்ணெய் கொடுத்தால் சீக்கிரம் ஆகும் என்கிறார்கள்.
— வாசகி, கோவில்பட்டி அருகே ஒரு கிராமம்

விளக்கெண்ணெய் வேண்டாம் அக்கா. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, வலி வருமுன்பே மகள் களைத்துப் போவாள்.

சூட்டு வலி இஷ்டத்துக்கு வரும். அடிவயிறு மட்டும் கல்லாகும், பத்து நிமிடத்தில் ஒன்று, அடுத்தது முக்கால் மணி நேரத்தில். எழுந்து நடந்தால், திரும்பிப் படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கும். பிள்ளை வலி முதுகின் கீழே இடுப்பில் கிளம்பி, முன்னால் சுற்றி வந்து அடிவயிற்றைப் பிடிக்கும். ஒரு ஒழுங்கில் வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வலி நீளும். நடந்தாலும் நிற்காது. பேசிக்கொண்டிருக்கும் பெண் வலி வரும்போது பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவாள். அனுபவப்பட்ட நர்ஸுகள் அதைத்தான் கவனிப்போம்.

உங்கள் பக்கத்திலும் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கும். சீரகத்தை வறுத்துக் கொதிக்க வைத்துக் கருப்பட்டி போட்டுக் கொடுப்பார்கள், சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பார்கள். எனக்கும் என் அம்மா கொடுத்தார். ஒன்பது மாதம் நிறைந்த பெண்ணுக்கு ஒரு டம்ளர் கொடுப்பதால் கெடுதல் இல்லை, வாய்க்கும் இதமாக இருக்கும். ஆனால் 37 வாரம் முடியுமுன் வலி ஒழுங்காக வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, மாதவிலக்கு ரத்தம் மாதிரி சிவப்பாகப் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ கஷாயத்துக்கு அடுப்பு மூட்டாதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள்.

கையில் ஒரு நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வலி தொடங்கும் நேரத்தையும் அடுத்தது தொடங்கும் நேரத்தையும் எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம் என்பது டவுனில் இருப்பவர்களுக்குச் சொல்லும் கணக்கு. 18 கிலோமீட்டரும் ரயில்வே கேட்டும் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வரும்போதே புறப்படுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் புறப்பட வேண்டும். உடைந்த நேரம் என்ன, நீர் இளநீர் போல இருந்ததா பச்சையாக இருந்ததா என்று பார்த்து வைத்துக்கொண்டு அங்கே சொல்லுங்கள். பச்சை என்றால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று சளி போல ரத்தம் கீற்றாகக் கலந்து வந்தால் அது நல்ல அறிகுறி, கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஓட வேண்டியதில்லை.

டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் போகிறதே என்று அதற்குள் கலங்காதீர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது ஒரு கணக்கு. நூறில் நாலைந்து பிள்ளைகள்தான் அந்தத் தேதியிலேயே பிறக்கின்றன. தேதிக்கு மேல் ஒவ்வொரு நாளும் அசைவை எண்ணிக்கொண்டு, சொன்ன நாளில் செக்கப்புக்குப் போனால் போதும்.

பையை இப்போதே கட்டி வையுங்கள். முதலில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு, ஆதார் நகல், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண். பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் சீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டும். துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டி நாலு துண்டு. பிள்ளையைத் துடைக்க ஒன்று, போர்த்த ஒன்று, மற்றவை மாற்ற. புதுத் துணியின் கஞ்சி பிள்ளைத் தோலுக்கு ஆகாது. முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, நாப்கின், குட்டி ஃபிளாஸ்க், பேரீச்சம்பழம், சில்லறைக் காசு. வளையல்களைக் கழற்றி வீட்டில் வையுங்கள், டிரிப் ஏற்றக் கையில் வென்ஃப்ளான் ஊசி போடும்போது இடைஞ்சல். 108க்குப் போன் செய்தால் எந்த அடையாளம் சொல்வீர்கள் என்று இன்றைக்கே மகளோடு பேசி, தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே வராத அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம். என்னால் வலி தாங்க முடியாது என்று பயமாக இருக்கிறது. ஜோசியர் குறித்த நாளில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் அப்பா. நாள் அடுத்த வாரம் வருகிறது. சரி என்று சொல்லிவிடலாமா சிஸ்டர்?
— வாசகி, மதுரை

அடுத்த வாரம் என்றால் 36 வாரம். வேண்டாம் மகளே, அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் பிள்ளையை எடுத்தால் நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சுத் திணறலாம். நல்ல நட்சத்திரத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாத்தாக்களுக்கு நான் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறேன். ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நான் பார்த்த எத்தனையோ தாய்கள் இன்று இல்லை. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு 45 ஆபரேஷன். இந்தியா முழுக்கப் பார்த்தால் 100க்கு 21, 22தான். நம் பெண்களின் உடம்பு மற்றவர்களை விட இரண்டு மடங்கா பலவீனமாக இருக்கிறது? எனக்கு அதில் சம்மதமில்லை.

வலியைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லாததுதான் பயத்துக்குப் பாதிக் காரணம். முதல் பிள்ளைக்குத் தொடக்க வலி ஒரு பகலும் ஒரு ராத்திரியும்கூட இழுக்கலாம். அப்போது சாப்பிடலாம், குளிக்கலாம், தூங்கலாம், தூங்கவும் வேண்டும். கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்தபிறகுதான் நிஜ வேகம். அங்கிருந்து பத்து வரை பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் முடியும். இந்த நேரம் முழுவதும் வலித்துக்கொண்டே இருக்காது. ஒரு நிமிடம் ஏறி இறங்கும், பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா நேரத்தில் பெண்கள் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வலியை நினைத்து அந்த இடைவெளியில் உடம்பை முறுக்கி வைத்துக்கொள்பவர்கள்தான் சீக்கிரம் களைக்கிறார்கள்.

எனக்கு 1993இல் மூத்தவன் பிறந்தான். நான் நர்ஸாகி இரண்டு வருடம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். என் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், எழுந்தால் திட்டு. வலி உச்சத்தில் "அம்மா" என்று கத்தியதற்குத் தொடையில் ஓர் அடி விழுந்தது. வலி மறந்துவிட்டது, அந்த அடி மறக்கவில்லை. திரும்ப வேலைக்கு வந்தபோது என் வார்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். சில டாக்டரம்மாக்களோடு அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

பிற்பாடு, 2004இல், பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தார்கள். அது வந்து கொஞ்ச நாளில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் வந்தாள். கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கித் தவித்தாள். அவளுடைய அப்பத்தா உள்ளே வந்தார். பேத்தியைக் கம்பியிலிருந்து பிரித்து, கட்டில் ஓரமாக நிற்க வைத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டார். வலி வரும்போதெல்லாம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகின் கீழே, இடுப்பில் குழி விழும் இடத்தில், தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். "ஊது தாயி, சுடுகஞ்சிய ஆத்துற மாதிரி ஊது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் ஊத ஆரம்பித்ததும் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். இரண்டே கால் மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. நான் படித்த புத்தகத்தில் இருந்ததை அந்தக் கிழவி கையால் காட்டினார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. அடுத்த செக்கப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். உடன் யார் இருக்கலாம்? வலியின்போது நடக்க, உட்கார விடுவீர்களா? வலி குறைக்க என்ன வசதி இருக்கிறது? முதுகில் போடும் ஊசி சில ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். தேவைப்பட்டால் போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கத்த வந்தால் கத்துங்கள், ஆனால் தொண்டையில் கீச்சென்று கத்தாமல் அடிவயிற்றிலிருந்து முனகினால் உடம்பு இளகும். முக்கச் சொல்லும் முன்பு முக்காதீர்கள். தலை தெரியும் சமயத்தில் "நிறுத்து" என்பார்கள், அப்போது நாய் இளைப்பது போலக் குட்டிக் குட்டியாக மூச்சு விடுங்கள், கிழிசல் குறையும். பிள்ளை வந்ததும் நெஞ்சின் மேல் போடச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறேன் என்று யார் வந்தாலும், அப்பாவே வந்தாலும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உள்ளே உடன் வரப்போவது அம்மாவா அக்காவா என்று இன்றைக்கு முடிவு செய்யுங்கள். ராத்திரி சாப்பிட்டபிறகு கட்டில் ஓரம் பிடித்து நின்று, அவர் கையை அந்தக் குழி விழும் இடத்தில் வைத்து, எவ்வளவு அழுத்தினால் இதமாக இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் ஊதிப் பழகுங்கள். பத்து நிமிடம், தினமும். பிள்ளை பிறந்ததும் என்ன கிழமை, எத்தனை கிலோ என்று இந்த முகவரிக்கே ஒரு கார்டு போடுங்கள், காத்திருப்பேன்.